அர்போகாஸ்தும் அந்தக் காற்றும்

திருச்சபை வரலாற்றுத் தேர்வில் பிரிகிடஸ் போரைப் பற்றி வினா எழுப்பினால் நம் மாணவர் தரும் விடைகள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவையாய் இருக்கும். கி.பி. 394ஆம் ஆண்டு செப்டம்பர் 5, 6 ஆகிய இரு நாள்களில், கிறிஸ்தவப் பேரரசனாகிய தியோடோசியஸ், அஞ்ஞானத் தளபதி அர்போகாஸ்தையும் அவன் கைப்பாவையாகிய யூஜீனியஸையும் எதிர்த்துப் போரிட்டான், முதல் நாள் முறியடிக்கப்பட்டான், இரவெல்லாம் ஜெபித்தான், மறுநாள் தேவன் பெருங்காற்றை அனுப்பினார், பகைவரின் ஈட்டிகள் அவர்கள் மேலேயே திரும்பின, கிறிஸ்தவம் வென்றது. முழு மதிப்பெண் தரவேண்டிய விடைதான். பாடநூலில் உள்ளதும் அதுவே, ஆண்டுதோறும் நாம் பாடம் சொன்னதும் அதுவே. ஆயினும் அண்மையில் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, இந்தத் தளபதியைப் பற்றி முதலில் எழுதிய ஆசிரியர்களை மீண்டும் வரிசையாக எடுத்துப் படிக்கவேண்டுமென்ற எண்ணம் நமக்கு உண்டாயிற்று. படித்த பின்பு, மாணவரின் தாளில் இட்ட சிவப்பு மையை அந்தப் பெரியோர்களின் பக்கங்களிலும் சில இடங்களில் இடவேண்டியிருக்கிறது என்று கண்டோம்.

அர்போகாஸ்த் பிராங்கு இனத்தவன். உரோமப் படையில் சேர்ந்து தன் திறமையால் உயர்ந்தவன். 388ஆம் ஆண்டில் மாக்ஸிமுஸ் என்பவன் மேற்குப் பகுதியைக் கைப்பற்றியிருந்தபோது, அவனை அடக்கப் புறப்பட்ட தியோடோசியஸின் தளபதிகளில் இவன் ஒருவன். மாக்ஸிமுஸின் சிறுமகன் விக்டரைக் காலியா நாட்டிற்குச் சென்று கொன்றவன் இவனே. இந்தக் கொலையைக் குறித்துத் திருச்சபை ஆசிரியர் எவரும் முகம் சுளித்ததாக நமக்குத் தோன்றவில்லை. அப்பொழுது இவன் சரியான பக்கத்தில் இருந்தான்.

அதன்பின் இளம் பேரரசன் இரண்டாம் வாலென்தீனியனுக்குக் காவலன்போல் மேற்கில் அமர்த்தப்பட்டான். காவலன் என்ற பெயரில் எஜமானனாகவே இருந்தான் என்பதில் ஐயமில்லை. அரசன் அவனைப் பதவியிலிருந்து நீக்கும் ஆணையைக் கையில் கொடுத்தபோது, இந்தப் பதவியை நீ எனக்குத் தரவில்லை, ஆகையால் நீ எடுக்கவும் முடியாது என்னும் கருத்துப்படச் சொல்லி, அதைக் கிழித்தெறிந்தானென்று சோசிமஸ் எழுதுகிறார். 392ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், வியென் நகர அரண்மனையில் வாலென்தீனியன் தூக்கில் தொங்கக் காணப்பட்டான். வயது 21. கொலையோ தற்கொலையோ இன்றளவும் தீர்ந்தபாடில்லை. மூன்று மாதங்கள் மேற்கின் அரியணை வெறுமையாய்க் கிடந்தது. பிராங்கு இனத்தான் இரத்தாம்பரம் தரிக்க உரோமர் இசையார். எனவே ஆகஸ்டு 22ஆம் நாள் சொல்லணி ஆசிரியராயிருந்த யூஜீனியஸுக்கு அதை உடுத்திவிட்டான். நம் மாணவர் பெரும்பாலும் எழுதாமல் விடுவது ஒன்று உண்டு: இந்த யூஜீனியஸ் கிறிஸ்தவன்.

வாலென்தீனியனின் அடக்கத்தில் பேராயர் அம்புரோஸ் ஆற்றிய உரை நம் வகுப்புகளில் வேறொரு காரணத்துக்காகப் பேசப்படுவது. ஞானஸ்நானம் பெறாமலே இறந்தவனுக்கு, அதை அவன் வாஞ்சித்ததே போதும் என்று அவர் அதில் ஆறுதல் சொல்லுகிறார். ஆனால் இறந்தவன் எப்படி இறந்தான் என்ற இடத்தில் அவ்வுரை மௌனமாகிவிடுகிறது. அர்போகாஸ்த் கொலைகாரன் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. மாறாக, அரசன் தம்மை அழைத்ததற்கு ஒரு காரணம் தளபதியிடம் தனக்காகப் பிணை நிற்பதற்கே என்று அம்புரோஸ் சொல்லுகிறார். பேராயரின் வாக்கைத் தளபதி மதிப்பான் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அப்படி ஓர் அழைப்பு வந்திராது. பிற்பாடு யூஜீனியஸுக்கு அம்புரோஸ் எழுதிய கடிதம் கண்டிப்பானதுதான். பழைய கோயில்களின் வருமானத்தை அஞ்ஞான செனட்டர்களுக்கு நன்கொடையாக அளித்ததை அதில் கடிந்துகொள்ளுகிறார். ஆயினும் அவனைப் பேரரசன் என்றே விளிக்கிறார். கள்ள அரசன் என்று விளிக்கவில்லை. காற்று அடிப்பதற்கு முன் எழுதப்பட்ட கடிதம் அது.

காற்று அடித்தபின் எழுதப்பட்டவை வேறுவிதம். அம்புரோஸின் வரலாற்றை எழுதிய பௌலீனஸ், ஏறத்தாழ 422ஆம் ஆண்டில், அகுஸ்தீன் கேட்டுக்கொண்டதின்பேரில் எழுதினார். அவர் தரும் இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கவேண்டும். ஒன்று, அர்போகாஸ்த் தன் இனத்துச் சிற்றரசர்களோடு விருந்தில் அமர்ந்திருக்கிறான். நீ அம்புரோஸை அறிவாயா என்று அவர்கள் கேட்க, அறிவேன், அவருடைய நண்பன், அவரோடு பலமுறை உணவருந்தியவன் என்கிறான். சூரியனை நில் என்றால் நிற்கச் செய்யும் மனிதரின் அன்பைப் பெற்றதினால்தான் நீ வெல்லுகிறாய் என்று அவர்கள் வியக்கிறார்கள். இரண்டாவது, போருக்குப் புறப்படும்போது இதே அர்போகாஸ்த், வென்று திரும்பினால் மிலான் பேராலயத்தைக் குதிரை லாயமாக்குவேன், குருமாரைப் படையில் சேர்ப்பேன் என்று சூளுரைக்கிறான். பேராயரின் பந்தியில் இருந்தவன் எவ்வழியாக லாயத்துக்கு வந்தான்? பௌலீனஸ் விளக்கவில்லை. விளக்கத் தேவையில்லையென்று அவர் எண்ணியிருக்கலாம். வென்றபோது பரிசுத்தவானின் நண்பனாகவும் தோற்றபோது பரிசுத்த ஸ்தலத்தின் சத்துருவாகவும் ஒரே மனிதனை ஒரே நூலில் எழுதிவிட முடிகிறது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர் நடந்து எட்டு ஆண்டுக்குள் எழுதிய ரூஃபீனஸ், பாறையின்மேல் முகங்குப்புற விழுந்து ஜெபித்த பேரரசனைக் காட்டுகிறார். அவரிடம் நிதானம் உண்டு. அரை நூற்றாண்டு கழித்து எழுதிய தியோதொரேத்துவின் நூலிலோ, யோவானும் பிலிப்புவும் வெள்ளைக் குதிரைகளில் ஏறி வந்துவிடுகிறார்கள். அஞ்ஞானியாகிய சோசிமஸ் காற்றைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர் சூரிய கிரகணம் உண்டானதாக எழுதுகிறார். வானியல் கணக்குப்படி அந்நாளில் கிரகணமும் இல்லை. ஆலன் காமரன் என்ற ஆங்கில அறிஞர் 2011இல் வெளியிட்ட பெருநூலில், இது மதப்போரே அன்று, அரியணைக்கான உள்நாட்டுப் போர். அஞ்ஞானத்தின் இறுதி எழுச்சி என்பது பின்னாளில் கட்டிய கதை என்று வாதிடுகிறார். ஆல்ப்ஸ் மலைமேல் பொன் இடிகளோடு நிறுத்தப்பட்டிருந்த யூப்பித்தர் சிலைகளை அகுஸ்தீன் வெறுமனே புனைந்தாரென்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை. ஆனாலும் காமரனின் வாதத்தில் பெரும்பகுதி உண்மை என்றே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி அகுஸ்தீன். இவரிடம் தங்கிப் பேசுவது தகும். ஏனெனில் நம் பிரசங்கபீடங்களுக்கு அந்தக் காற்று வந்து சேர்ந்தது இவர் வழியாகவே. 'தேவ நகரம்' ஐந்தாம் புத்தகத்தின் 26ஆம் அதிகாரத்தில், போரில் நின்ற வீரர்களே தம்மிடம் சொன்னதாக அவர் எழுதுகிறார்: தியோடோசியஸின் பக்கமிருந்து எழுந்த கடுங்காற்று எதிரிகளின் கையிலிருந்த படைக்கலங்களைப் பறித்து, அவர்கள் எறிந்தவற்றை அவர்கள் மேலேயே திருப்பிற்றாம். இதை நாம் மறுக்கவில்லை. இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள அந்தப் பள்ளத்தாக்கில் 'போரா' என்னும் காற்று மலையிலிருந்து இறங்கி இன்றும் அடிக்கிறது. கிழக்கிலிருந்து வந்தவனுக்கு அது முதுகில் அடிக்கும், மேற்கே நின்றவனுக்கு முகத்தில் அடிக்கும். அங்கே பிறந்த எந்த ஆட்டிடையனும் இதை அறிவான்.

நம்மை நிறுத்தியது அடுத்த செய்தி. கிறிஸ்துவின் நாமத்துக்கு அந்நியனான புலவன் கிளாடியனும் இந்த வெற்றியைப் பாடியிருக்கிறான் என்று அகுஸ்தீன் அவன் வரிகளை எடுத்தாளுகிறார். தேவனுக்கு மிகவும் பிரியமானவனே, உனக்காக வானம் போர் செய்கிறது, காற்றுகள் உன் எக்காளத்துக்குக் கூடி வருகின்றன என்பது அவ்வரிகளின் கருத்து. ஆனால் கிளாடியன் பாடியது அவ்வளவே அன்று. நடுவில், காற்றுக்கு அதிபதியாகிய ஏயோலஸ் என்னும் தேவதை தன் குகைகளிலிருந்து புயலை அவிழ்த்துவிட்டது என்ற பகுதி இருக்கிறது. அகுஸ்தீனின் மேற்கோளில் அந்தப் பகுதியைக் காணோம். ஏயோலஸ் போய்விட்டபடியால், அஞ்ஞானப் புலவனின் பாட்டு கர்த்தருக்குச் சாட்சியாகிவிட்டது. அவர் கைக்கு அப்படியே சுருக்கமாக வந்ததோ, அவரே சுருக்கினாரோ, அறியோம். மாணவன் ஒருவன் ஆய்வேட்டில் இவ்வாறு மேற்கோளைக் கத்தரித்தால் நாம் விடமாட்டோம் என்பது மட்டும் உறுதி.

இதைச் சொன்ன நாம் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்திய 25ஆம் அதிகாரத்தில் இதே அகுஸ்தீன், கொன்ஸ்தந்தீனுக்கு நீண்ட ஆட்சியை அருளிய தேவன், இவ்வுலக வாழ்வுக்காக எவனும் கிறிஸ்தவனாகிவிடாதபடி யோவியானைச் சீக்கிரத்தில் எடுத்துக்கொண்டார், கிராசியன் கொடியவன் வாளால் மடிய விட்டார் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அப்படியானால் வெற்றி எதற்கும் அத்தாட்சி அன்று. ஒரு பக்கத்தைத் திருப்புவதற்குள் காற்று அத்தாட்சியாகிவிடுகிறது. பெரிய மனம்தான்; ஆயினும் பேரரசனின் வெற்றி கண்முன் நிற்கையில் முந்திய பக்கத்தை மறந்துவிட்டது. நம் மாணவர்க்கு 26ஆம் அதிகாரத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவந்த குற்றம் நம்முடையது.

அகுஸ்தீனை ஆசானாகக் கொண்ட ஒரோசியஸிடம் வரும்போது நம் பொறுமை முடிந்துபோகிறது. போரின் முதல் நாளில் தியோடோசியஸ், தன் படையில் இருந்த கோத்தியரை முன்னணியில் நிறுத்தினான். அவர்களில் 10,000 பேர் அர்போகாஸ்தின் சேனையால் மடிந்ததாக ஒரோசியஸ் கணக்குச் சொல்லுகிறார். சொன்னதோடு நில்லாமல், அவர்களை இழந்தது இலாபம் என்றும், அவர்கள் தோற்றது வெற்றி என்றும் எழுதுகிறார். அவர்கள் அந்நிய இனத்தார், பெரும்பாலும் ஆரிய உபதேசத்தைப் பின்பற்றிய கிறிஸ்தவர்கள். தன் பக்கத்தில் நின்று தனக்காகச் செத்தவர்களைக் குறித்து ஒரு திருச்சபை ஆசிரியர் எழுதிய வரி இது. அந்தக் கோத்தியரோடு அன்று நின்று உயிர்தப்பியவர்களில் அலரிக் என்பவனும் ஒருவன். 410ஆம் ஆண்டில் உரோமாபுரியைக் கொள்ளையிட்டவன் அவனே. அந்தக் கொள்ளையினால் எழுந்த கேள்விகளுக்கு விடையாகத்தான் 'தேவ நகரம்' எழுதப்பட்டது. காற்றைப் பற்றிய அதிகாரத்தை எழுதுகையில் அகுஸ்தீன் இதை நினைத்தாரோ என்னவோ.

அர்போகாஸ்தோ, காற்றுக்குப்பின் மலைகளில் அலைந்து திரிந்து, இரண்டு நாள் கழித்துத் தன் வாளின்மேல் தானே விழுந்து மடிந்தான். 388இல் இவனைக்கொண்டு வெற்றி தந்தவர் தேவனென்றால், 394இல் இவனைக் கைவிட்டவரும் அவரே என்று பௌலீனஸ் வழியில் எளிதாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லும்போது நாம் தேவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போரின் முடிவைத்தான் இரண்டாம் முறை சொல்லுகிறோம்.

இது தூரத்து நாட்டுக் கதையென்று எண்ணுவோருக்கு நம் ஊரிலேயே ஒன்று உண்டு. தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் நகருக்குப் போகிறவர்கள் பரங்கிமலையைக் கடந்துதான் போகவேண்டும். ஏழாண்டுப் போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற காலம் அது. பருவக்காற்றுக்கு அஞ்சி ஆங்கிலக் கப்பல்கள் பம்பாய்க்குப் போயிருந்த சமயம் பார்த்து, 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டான். வெளியிலிருந்து அவனை ஓயாமல் அலைக்கழித்தவர்களில் முதன்மையானவர் ஆங்கிலக் கம்பெனியின் சிப்பாய்களுக்குத் தலைவரான யூசுப்கான், நாட்டார் வழக்கில் கான்சாகிபு. 1759 பிப்ரவரி 9ஆம் நாள், பரங்கிமலையடியில் பகல் முழுதும் நடந்த சண்டையில், மேஜர் கேலியாடின் படையோடு நின்று பிரெஞ்சுக்காரரைப் பின்வாங்கச் செய்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு வாரத்துக்குள் கப்பல்கள் திரும்பி வந்தன, முற்றுகை கலைந்தது.

ஐந்து ஆண்டுகள் சென்றன. மதுரையை ஆண்ட அதே யூசுப்கான், நவாபுக்கும் கம்பெனிக்கும் அடங்காமல் போனதால் முற்றுகையிடப்பட்டார். தம்முடையவர்களாலேயே 1764 அக்டோபர் 13ஆம் நாள் பிடித்துக் கொடுக்கப்பட்டு, 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். பரங்கிமலையில் துணையானவர் மதுரையில் துரோகியானார். 1914இல் அவர் வரலாற்றை உழைத்து எழுதிய ஹில் துரை, நூலின் பெயரிலேயே 'கலகக்காரத் தளபதி' என்று சூட்டிவிட்டார். அது வென்றவர் வைத்த பெயர். நாட்டாரோ அவரைப் பற்றி 'கான்சாகிபு சண்டை' என்று கதைப்பாடல் கட்டினார்கள், பேராசிரியர் நா. வானமாமலை அதைப் பதிப்பித்திருக்கிறார். மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவர் அடக்க ஸ்தலத்துக்கு இன்றும் மக்கள் போகிறார்கள். அர்போகாஸ்துக்கு அந்த மலைநாட்டில் யார் பாட்டுக் கட்டினார்கள்? கட்டியிருந்தால் அது நம் கைக்கு வந்து சேரவில்லை.

நம் பங்கும் இதில் உண்டு. மதுரை முற்றுகையின்போது பாளையத்தில் காயம்பட்டோரிடையே ஊழியம் செய்தவர் சுவார்ட்ஸ் ஐயர். அவருடைய இரக்கத்தை நம் மிஷன் வரலாறுகள் நன்றியோடு குறிக்கின்றன, குறிக்கவேண்டியதே. ஆனால் மதிலுக்கு உள்ளே பட்டினி கிடந்தவர்களும் மதுரை மக்கள்தாம் என்பதை நாம் வாசித்த அளவில் அவை நினைவூட்டுவதில்லை. அது நம் ஊழியரின் பாளையம் அல்லாத பக்கம்.

இவ்வளவும் எழுதத் துணிந்ததற்கு மெய்யான காரணத்தையும் மறைக்கலாகாது. 2015 டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. நாம் அப்பொழுது ஊழியம் செய்த ஆலயம் சற்று மேட்டில் இருந்தபடியால் உள்ளே ஒரு துளி தண்ணீரும் வரவில்லை. அடுத்த ஞாயிறு 91ஆம் சங்கீதத்தை எடுத்து, கர்த்தர் தம்முடைய வீட்டைக் காத்தார் என்று நாம் பிரசங்கித்தோம். பிரிகிடஸ் காற்றையும் உதாரணமாகச் சொன்னோம்; வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகியதல்லவா? ஆராதனை முடிந்தபின், வரதராஜபுரத்தில் வீட்டையும் உடைமைகளையும் இழந்து, இரவல் புடவையில் வந்திருந்த விதவைத் தாயார் ஒருவர் வாசலில் நின்று, "ஐயா, எங்க தெருப் பக்கம் ஆண்டவர் வரலீங்களா?" என்று கேட்டார். குத்திக்காட்டும் குரல் இல்லை, அறியவேண்டியே கேட்டார். நாம் ஏதோ சொன்னோம். என்ன சொன்னோமென்பது அவருக்கும் நினைவிராது. மேட்டில் கட்டியவர்கள் மேட்டில் கட்டினார்கள். ஏரியின் கழிவெளியிலும் ஆற்றோரத்திலும் மனை வாங்கியவர்கள், அங்கேதான் வாங்க முடிந்தது என்பதால் வாங்கினார்கள். அவ்வளவே அந்த வாரம் நடந்தது. அதன்மேல் நாம் ஏற்றிய சங்கீதம் ஒரோசியஸின் வரியைவிட எவ்வளவு மேலானது என்று இன்றும் நம்மால் சொல்லக்கூடவில்லை.

ஆனாலும் நான்காம் நூற்றாண்டு ஒரே குரலில் பேசவில்லை. போர் முடிந்த செய்தியோடு பேரரசன் அனுப்பிய கடிதத்தை அம்புரோஸ் பலிபீடத்தருகே எடுத்துச்சென்று, அதைக் கையில் பிடித்தபடியே ஸ்தோத்திர பலியை நடத்தினாராம். அப்படிச் செய்தவர் உடனே பேரரசனுக்கு மறுமொழி எழுதி, தோற்ற பக்கத்தார்க்கு, சிறப்பாகத் திருச்சபையில் வந்து அடைக்கலம் புகுந்தவர்களுக்கு, மன்னிப்புக் கேட்டார். கடிதம் போதாதென்று அக்குவிலேயா நகருக்கு நேரே போய்ப் பரிந்து பேசினார் என்று அதே பௌலீனஸ் எழுதுகிறார். பகைவரின் பிள்ளைகளைத் தியோடோசியஸ் அவர்கள் சொத்தைப் பறிக்காமல் அன்போடு சேர்த்துக்கொண்டதை அகுஸ்தீனும் 26ஆம் அதிகாரத்திலேயே சொல்லுகிறார். காற்றின் இரைச்சலில் அது நம் காதில் விழவில்லை.

அடுத்த ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் தியோடோசியஸ் இறந்தான். அவன் அடக்க ஆராதனையில் அம்புரோஸ் ஒரு செய்தியை வெளியிட்டார். பிரிகிடஸில் வென்று திரும்பிய பேரரசன், போரில் பகைவர் கொல்லப்பட்டார்கள் என்ற காரணத்தால், தன் பிள்ளைகள் வந்துசேரும்வரை திருவிருந்தில் பங்குபெறாமல் விலகியிருந்தானாம். காற்று யாருக்காக அடித்ததென்று எல்லாரும் எழுதினார்களோ, அவனே பந்திக்கு வரவில்லை. இந்தச் செய்தியை எந்த மாணவரின் விடைத்தாளிலும் நாம் கண்டதில்லை; இத்தனை ஆண்டு பாடம் சொன்ன நாமும் அதைச் சொன்னதில்லை.